எங்கள் செய்தி யார் தோளில் ஏறி வரும்?

1

2023 ஆகஸ்டில் வீரப்பனைப் பற்றி நெட்பிளிக்ஸில் நாலு பகுதிப் படம் ஒன்று வந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜீ5-ல் இன்னொரு தொடர். இந்த இரண்டுக்கும் நடுவில், செப்டம்பர் 29-ந் தேதி, வாச்சாத்தி வழக்கில் குற்றவாளிகள் போட்ட மேல்முறையீடுகளையெல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் அந்தத் தீர்ப்பைப் பற்றிய பேச்சு இரண்டு நாள் ஓடியதைக் கேட்டேன். வீரப்பன் பேச்சு இன்னும் ஓயவில்லை. மீசையை எப்படி முறுக்குவான், யானையை எங்கே குறிபார்த்துச் சுடுவான், எந்த ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டான் என்று சின்னப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள். வாச்சாத்தியில் என்ன நடந்தது என்று அதே பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ''ஏதோ கேஸுங்கண்ணா'' என்கிறார்கள்.

இரண்டும் ஒரே காலத்துக் கதை. இரண்டும் சந்தன மரத்தைச் சுற்றி நடந்தது. இரண்டிலும் எங்கள் மாவட்டம் இருக்கிறது. ஒன்று மூன்று மாநிலத்துப் பத்திரிகைகளுக்கும் பதினைந்து வருஷம் சோறு போட்டது. இன்னொன்று நீதிமன்றம் பேசிய நாட்களில் மட்டும் செய்தியானது. ஏன் என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை. 'ஊடகங்கள் பாரபட்சமானவை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை, அதனாலேயே யாரையும் உறுத்தாத உண்மை. அந்தப் பாரபட்சம் தினப்படி எப்படி வேலை செய்கிறது, யார் கையால் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

நடந்ததை இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாச்சாத்தி, அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ந் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர், சந்தனக் கட்டை பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஊருக்குள் இறங்கினார்கள். சனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள். பிறகு சட்டப்படி ஒரு காரியமும் செய்தார்கள்: 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தல் குற்றவாளிகள் என்று சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

கவனியுங்கள். இத்தனை பேரைக் கைது செய்து, கோர்ட்டில் ஆஜர்படுத்தி, ஜெயிலில் அடைத்தார்கள். இது நடுக்காட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்த காரியமே இல்லை. ஒரு ஊரே காலியாகி ஜெயிலுக்குப் போயிருக்கிறது. ஆனால் உண்மையில் என்ன நடந்தது என்பது ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் ஊருக்குள் போன பிறகுதான் வெளியே வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். 1995-ல் வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. அதிலிருந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே தேதியில், உயர் நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதி வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்துவிட்டுப் போய், அந்தத் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

சம்பவத்திலிருந்து இந்தத் தீர்ப்புக்கு 31 வருஷம். இதில் 'தீக்கதிர்' மாதிரி கட்சி ஏடுகளும் சில இங்கிலீஷ் ஏடுகளும் எழுதின, மறுக்கவில்லை. பெரிய தினசரிகளுக்கு மட்டும் அது கோர்ட்டுச் செய்தி. சங்கம் போகவில்லையென்றால், கோர்ட்டு பேசவில்லையென்றால், 18 பெண்கள் 31 வருஷம் வாயை மூட மறுத்திருக்காவிட்டால், வாச்சாத்தி என்பது இன்றைக்கும் 'சந்தனக் கட்டை பறிமுதல், பலர் கைது' என்ற நாலு வரியாகவே இருந்திருக்கும்.

2

எங்கள் துயரம் தன் காலில் நடந்து பத்திரிகைக்குள் போனதாகச் சரித்திரம் குறைவு. யாராவது ஒருத்தர் தோளில் ஏறித்தான் போகிறது. தோள் யாருடையது என்பதைப் பொறுத்து, செய்தியில் எது தெரியும் எது மறையும் என்பது முடிவாகிறது.

2000 ஜூலை 30-ந் தேதி ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். 108 நாள். இரண்டு அரசுகள் தூங்கவில்லை, பத்திரிகை ஆசிரியரே தூதராகக் காட்டுக்குள் போனார். வீரப்பன் பத்துக் கோரிக்கை அனுப்பினான். காவிரியும் பெங்களூர் வள்ளுவர் சிலையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மற்றதில் சிலதை நினைவுபடுத்துகிறேன்: அதிரடிப்படையால் சித்திரவதைக்கு ஆளான மலைக்கிராமத்து மக்களைப் பற்றி விசாரிக்கும் சதாசிவா கமிஷனுக்குப் போட்ட தடையை நீக்கி அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், குற்றமில்லாமல் தடாவில் கிடப்பவர்களை விட வேண்டும், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்குத் தினக்கூலி 150 ரூபாய் வேண்டும்.

மாஞ்சோலைக்காரர்கள் யார்? அதற்கு ஒரு வருஷம் ஒரு வாரம் முன்னால், 1999 ஜூலை 23-ந் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்களே, அவர்கள். பெரும்பாலும் தலித்துகள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. கேட்டது கூலி உயர்வு. அந்த 17 சாவால் நாட்டின் முதல் பக்கத்தில் நின்று நிலைக்க முடியாத கூலிக் கோரிக்கை, ஒரு நட்சத்திர நடிகர் கடத்தப்பட்டதும் முதல் பக்கத்துக்கு வந்தது, அதுவும் கடத்தல்காரன் கோரிக்கைப் பட்டியலில் கடைசிப் பக்கமாக. வந்ததும் என்ன ஆனது? கோரிக்கையின் நியாயத்தைப் பேசினார்களா? வீரப்பனுக்குத் திடீரென்று 'தமிழுணர்வு' எங்கிருந்து வந்தது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பேசினார்கள். தோளைப் பார்த்தார்கள், தோளில் இருந்த சுமையைப் பார்க்கவில்லை. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது 2007-ல். வீரப்பன் எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுடப்பட்டு இரண்டு வருஷம் தாண்டிய நேரம். அவன் போனதும் அந்த மலையில் இருந்த மனிதர்களும் பத்திரிகையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள்.

இன்னொன்று, எங்கள் தண்ணீர். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டினால் முதலில் பல்லில் காவி ஏறும், பிறகு மூட்டு இறுகும், முதுகு வளையும். மழை பொய்க்கப் பொய்க்க போர்க் குழாய் ஆழம் போகும், ஆழம் போகப் போக விஷமும் ஏறும். கல்யாணச் சந்தையில் பொண்ணு சிரிக்கப் பயப்படுகிற மாவட்டம் இது. பல தலைமுறையாக நடக்கிற இந்தச் சேதத்துக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத சாவை எந்த நாள் பேப்பரில் போடுவது?

தேதி 2008-ல் கிடைத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரல் 4-ந் தேதி சென்னையில் தமிழ் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ரஜினிகாந்த் என்ன பேசினார், கர்நாடகத்தில் அவர் படம் ஓடுமா, அப்புறம் வருத்தம் தெரிவித்தாரா என்று மாசக்கணக்கில் செய்தி. ஒகேனக்கல் என்ற பேரைத் தமிழ்நாடு முழுக்க உச்சரித்தது. எதற்கு அந்தத் தண்ணீர் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள்? எங்கள் பல்லும் எலும்பும் இரண்டு மொழிக்காரர்களின் மானப் பிரச்சினையாக மாறித்தான் பேப்பருக்குள் போக முடிந்தது. அந்தத் தோளிலும் நாங்கள் தெரியவில்லை.

3

இது ஏதோ ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்கிற சதி என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிரமம் தேவையில்லை. கீழே இருந்தே அது நடக்கிறது. நான் ஒரு தினசரிக்கு, பேர் வேண்டாம், இரண்டு வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தாலுகா நிருபருக்கு மாசச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு ஒரு சின்னத் தொகை, பிடித்துக் கொடுக்கிற விளம்பரத்துக்குக் கமிஷன். விளம்பரம் யார் கொடுப்பார்? நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், தலைவர் பிறந்தநாளுக்கு ஒன்றியச் செயலாளர். சேரியிலிருந்து விளம்பரம் வராது. சேரிக்கு எதிராக நிற்பவரிடமிருந்து வரும். இதை யாரும் நிருபருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், அவர் வயிறே சொல்லிவிடும்.

செய்தி எங்கிருந்து வரும்? காலையில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே எழுத்தர் சொல்கிற எப்.ஐ.ஆர். விவரம். அப்புறம் ஜி.எச்., தாலுகா ஆபீஸ், பி.டி.ஓ. ஆபீஸ், ரேஞ்சர் ஆபீஸ். இந்த ஐந்து வாசல்தான் எங்கள் ஊற்று. ஒரு நாளைக்கு நாலு செய்தி அனுப்ப வேண்டிய ஆள், அந்த வாசல்களைப் பகைத்துக்கொண்டு மறுநாள் பிழைக்க முடியாது. இப்போது வாச்சாத்தியை இதில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்தது வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை. ஐந்து வாசலில் மூன்று வாசல்! ஊற்றே குற்றவாளியாக இருக்கும்போது தண்ணி எப்படி வரும்? போலீஸ் இல்லாத இடத்தில் நடந்த குற்றம் சீக்கிரம் செய்தியாகிறது. போலீஸே செய்த குற்றத்துக்கு யாராவது புதிய வாசல் வெட்ட வேண்டியிருக்கிறது. வாச்சாத்தியில் அந்த வாசலை வெட்டியது சங்கம்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் ஓடையில் இடுப்பளவுத் தண்ணியில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெயில் காலத்தில் மரவள்ளிக் காட்டு வரப்பில் போனால் காட்டுக்காரன் மறிப்பான். நான் இதை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். போட்டோவும் வைத்தேன். டெஸ்க்கிலிருந்து போன் வந்தது.

''இதுல புதுசா என்ன இருக்கு தம்பி?''

''பொணம் கொண்டுபோக வழியில்லைங்க சார்.''

''அது முப்பது வருசமா இல்லைன்னு நீயே எழுதியிருக்க. முப்பது வருசமா இருக்கிறது எப்படி நியூஸ் ஆகும்? ஏதாவது நடந்தா சொல்லு.''

நாலு மாசம் கழித்து ஏதோ நடந்தது. ஒரு பெரியவர் செத்தார், அன்றைக்கும் மறித்தார்கள், சனங்கள் பொணத்தைக் கொண்டுவந்து மெயின் ரோட்டில் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் அனுப்பியது இரண்டு காலத்தில் வந்தது. தலைப்பு டெஸ்க்கில் வைத்தது: 'பிணத்துடன் சாலை மறியல்: ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு.' பாதிக்கப்பட்டது யார்? பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள். முப்பது வருஷமாகப் பொணம் தூக்கியவர்களுக்கு 'பாதிப்பு' என்ற சொல் கிடைக்கவில்லை. அதைப் படித்துக் காட்டியபோது அந்தக் காலனி ஆயா ஒருத்தர் சொன்னார்: ''ரோட்ல வெச்சாத்தான் கண்ணு பேப்பர்காரனுக்குப் பொணம் கண்ணுக்குத் தெரியுது. ஓடையில போனா மீனுக்குத்தான் தெரியும்.'' இதழியல் படிப்பில் 'செய்தி மதிப்பு' என்று ஒரு பாடம் வைக்கிறார்களாம். இதைவிடத் தெளிவாக அதில் சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

அப்படி வந்த அந்த இரண்டு காலமும் எங்கே வந்தது? மாவட்டப் பக்கத்தில். சேலம் பதிப்பில் தர்மபுரிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி அதில் போடுவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்காரன் பாப்பிரெட்டிப்பட்டிச் செய்தியைப் படிப்பான். சென்னைக்காரன் கையில் வரும் பேப்பரில் அந்தப் பக்கமே இருக்காது. மந்திரி, செயலாளர், நீதிபதி, டிவிக்காரன், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் சென்னையில் எத்தனை சென்டிமீட்டர் மழை என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அது 'மாநிலச் செய்தி'. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாடே பார்த்தது, பார்க்க வேண்டியதுதான். வெள்ளம் வடிந்ததும் அந்தக் குப்பையை அள்ளப் பல மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வெள்ளத்துக்குக் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்ததா? இரண்டு தண்டவாளம் மாதிரி ஓடுகிறது இந்தத் தகவல் போக்குவரத்து. அங்கிருந்து இங்கே வரும். இங்கிருந்து அங்கே போகாது.

4

வெளிநாட்டிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1965-லேயே கால்துங், ரூகே என்ற இரண்டு நார்வேக்காரர்கள் எது செய்தியாகிறது என்று பட்டியல் போட்டார்கள்: திடீரென்று நடக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், பெரிய நாட்டிலோ பெரிய மனிதருக்கோ நடக்க வேண்டும், படிப்பவருக்குப் பண்பாட்டில் நெருக்கமாக இருக்க வேண்டும். 2007-ல் ஐசன்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். எரிமலை வெடித்து ஒருவர் செத்தால் கிடைக்கிற கவனம் பஞ்சத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40,000 பேர் சாக வேண்டும். ஐரோப்பியப் பேரிடருக்குக் கிடைக்கிற கவனம் ஆப்பிரிக்கப் பேரிடருக்குக் கிடைக்க 45 மடங்கு பேர் சாக வேண்டும். இன்னொன்றும் கண்டார்கள்: ஒலிம்பிக் மாதிரி பெரிய செய்தி ஓடும்போது நடந்த பேரிடருக்கு அமெரிக்க உதவி போவதும் குறைந்தது. ஆக, செய்தி வராதது மானப் பிரச்சினை மட்டும் இல்லை, சோற்றுப் பிரச்சினை.

இந்தக் கணக்கெல்லாம் சரி. ஆனால் 'நெருக்கம்' என்ற சொல்லை அவர்கள் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே அளக்கிறார்கள். நம் ஊரில் அது எங்கே இருக்கிறது? சேலத்திலிருந்து வாச்சாத்தி காலையில் கிளம்பி மத்தியானம் போய்ச் சேருகிற தூரம். வளைகுடா நாடு கடல் தாண்டி இருக்கிறது. 1991-ல் வளைகுடாப் போரில் எந்த ஏவுகணை எங்கே விழுந்தது என்று எங்கள் சலூன் கடையில் படம் போட்ட பேப்பர் தொங்கியது. அடுத்த வருஷம் வாச்சாத்தி. தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் இந்தக் கணக்கு விடைக்கு வராது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நூறடி இருக்கிறதே, அடிவாரத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறதே, அந்த அளவுகோலைப் போட்டால்தான் விடை வரும். செய்தி மதிப்பு என்று அவர்கள் சொல்வது இங்கே சாதி மதிப்பு.

இது வசவு இல்லை, எண்ணிப் பார்த்த விஷயம். 1996-ல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2006-ல் தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கிற இடத்தில் இருந்த 315 பேரை எண்ணினார்கள். தலித் ஒருவர் இல்லை, பழங்குடி ஒருவர் இல்லை. 2019-ல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து பார்த்தார்கள். செய்தி அறைகளில் 121 தலைமைப் பதவி, அதில் 106 உயர்சாதியினர். தலித், பழங்குடி பூஜ்யம். நடுவில் 23 வருஷம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, தந்தி போய் செல்போன் வந்தது. பூஜ்யம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்தால் நாளைக்கே எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. விளம்பரமும் ஸ்டேஷனும் அவரையும் இழுக்கும். ஆனால் சுடுகாட்டுப் பாதைச் செய்தியைப் பார்த்து 'இதில் என்ன புதுசு' என்று கேட்க அவர் வாய் அவ்வளவு லேசாகத் திறக்காது. அவர் தாத்தாவும் அந்த ஓடையில்தான் போயிருப்பார்.

5

செய்தி வந்துவிட்டால் போதுமா? எந்தச் சொல்லில் வருகிறது என்பது அடுத்த கேள்வி. 2012 நவம்பர் 7-ந் தேதி தர்மபுரிக்குப் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். சாதி கடந்து நடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து, கூட்டம் கூட்டமாக வந்து, பீரோவை உடைத்து நகை எடுத்து, பிறகு தீ வைத்தார்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் கட்டட வேலை செய்து பத்துப் பதினைந்து வருஷம் சேர்த்த சொத்து ஒரே சாயங்காலத்தில் போனது. வாச்சாத்தி மாதிரி இல்லாமல் இதற்குச் செய்தி வந்தது. நிறையவே வந்தது. எப்படி வந்தது? முதலில் 'கலவரம்', 'இரு தரப்பு மோதல்'. ஒரு தரப்பு வீடு மட்டும் எரிந்தால் அது எப்படி மோதல்? அப்புறம் அது காதல் கதை ஆனது. அந்தப் பெண் எங்கே, பையன் என்ன சொன்னான், கோர்ட்டில் யார் யாரோடு போனார்கள். 2013 ஜூலை 4-ந் தேதி அந்தப் பையன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடக்கும்வரை கேமரா அந்த இரண்டு பேரை விட்டு நகரவில்லை. 250 வீட்டுக்காரர்கள் அந்தக் காதல் படத்தில் பின்னணி ஆனார்கள்.

அதே 2012-ல், நத்தம் எரிந்து ஆறாவது வாரம், டிசம்பர் 16-ந் தேதி தில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்கு நாடே தெருவுக்கு வந்தது. சட்டம் திருத்தப்பட்டது. நல்லது. அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனால் வாச்சாத்தியின் 18 பேருக்கு இருபது வருஷத்தில் ஏன் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது. சாவுக்கும் மானத்துக்கும் போட்டி வைக்கவில்லை. 2000 பிப்ரவரி 2-ந் தேதி இலக்கியம்பட்டியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று கல்லூரிப் பிள்ளைகளுக்காக எங்கள் காலனிப் பெண்களும் அழுதார்கள். அழுகையில் நாங்கள் பாகுபாடு வைக்கவில்லை. பேப்பர்தான் வைக்கிறது.

2018 நவம்பரைப் பாருங்கள். சிட்லிங்கியில் தீபாவளி லீவுக்கு விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த 17 வயதுப் பழங்குடி மாணவி 5-ந் தேதி இரண்டு பேரால் வன்புணர்ச்சிக்கு ஆளானாள். புகார் கொடுக்கப் போன இடத்தில் அலைக்கழித்தார்கள் என்று வீட்டார் சொன்னார்கள். 10-ந் தேதி அவள் செத்துப்போனாள். அந்த வாரம் தமிழ் டிவிகளின் விவாத மேடையில் என்ன ஓடியது? 'சர்கார்' படத்தில் மிக்ஸி, கிரைண்டரை நெருப்பில் போடுகிற காட்சியை வெட்டலாமா கூடாதா. சினிமாவில் எரிந்த மிக்ஸிக்கு நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பேசினார்கள். பொண்ணு செத்த பிறகு, முகநூலிலும் வாட்ஸப்பிலும் 'ஏன் பேசவில்லை' என்று ஆளாளுக்குக் கேட்ட பிறகு, கேமரா மலையேறியது. இந்தத் தடவை தோள் கொடுத்தது அந்தக் கேள்வி. அதையும் கவனிக்க வேண்டும்: இப்போது தோள் நம் கையிலேயே கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் செல்போனை நம்பி உட்காரவும் முடியாது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளிகளைச் செம்மரம் வெட்டினார்கள் என்று சுட்டுக் கொன்றது. சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. ஒரே நாளில் இருபது என்பதால் நாடு பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆந்திர ஜெயில்களில் அடைபட்டுக் கிடந்தவர்களை, ஜாமீன் எடுக்க நிலத்தை விற்றவர்களை, தேடிப் போய் எழுதியவர்கள் சிலபேர். வாச்சாத்தியில் சந்தனம், சேஷாசலத்தில் செம்மரம். மரத்தின் நிறம்தான் மாறியது. வெட்டுகிற கை மலைக்காரன் கை, விற்கிற கை வேறு யாருடையதோ. அந்த வேறு கையைப் பற்றி எந்தப் பேப்பர் தொடர் எழுதியது?

6

அழுது புலம்ப இதை எழுதவில்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பேர் வைத்துப் பத்திரிகை ஆரம்பித்தார். 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். 1920 ஜனவரி 31-ந் தேதி அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தபோது, அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்தால்கூடப் போட மாட்டேன் என்றது திலகரின் 'கேசரி'. ஊமைகளின் தலைவன் என்று அம்பேத்கர் பேர் வைத்ததில் ஒரு கிண்டல் இருக்கிறது. ஊமையாக யாரும் பிறக்கவில்லை, ஒலிபெருக்கி ஒரே தெருவில் கட்டப்பட்டிருந்தது.

ஆகவே நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாணவத் தோழர்களுக்கு முக்கியமாக. ஊரில் ஒன்று நடந்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள், எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள், ரசீது கொடுத்தார்களா இல்லையா. புகார் நகல் இரண்டு எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். போட்டோ எடுத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை எடுக்காதீர்கள், எரிந்த வீட்டை எடுங்கள், உடைந்த பூட்டை எடுங்கள். தேதி இல்லாத துயரத்துக்குத் தேதி கொடுங்கள்: தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய தாள், பாதை கேட்டுப் போட்ட மனுவின் நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில். 'முப்பது வருஷமாக இருப்பது எப்படிச் செய்தி' என்று கேட்கிறவனுக்கு முப்பது மனுவை அடுக்கிக் காட்டினால் அதுவே செய்தி. மாவட்டப் பக்கத்தில் வந்ததை வெட்டிச் சென்னைக்கு அனுப்புங்கள். பத்திரிகை முதலாளிகளிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம்: தாலுகா நிருபருக்கு மாசச் சம்பளம் கொடு; உன் டெஸ்க்கில் எத்தனை தலித், எத்தனை பழங்குடி என்று எண்ணி வெளியிடு.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. பழங்குடிகளின் கதையை எழுதும்போது நாமும் அவர்களுக்கு இன்னொரு தோளாகிவிடக் கூடாது. தலித் இதழ் என்று சொல்லிக்கொண்டு மலைக்காரனைப் பின்னணியில் நிறுத்தினால் தினசரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, அவர்கள் பேர் போட ஒத்துக்கொண்டால் பேர் போட்டு, வேண்டாம் என்றால் போடாமல் அச்சிடுவோம்.

வாச்சாத்தி வழக்கு ஜெயித்தது எதனால் என்று யோசியுங்கள். பத்திரிகைக் குறிப்பால் இல்லை. சேலம் சிறையில் அணிவகுப்பு நடத்தியபோது வரிசையில் நின்ற சீருடைக்காரர்களைப் பார்த்து, பயத்தை விழுங்கிக்கொண்டு, 'இவன்தான்' என்று அந்தப் பெண்கள் கை நீட்டினார்கள். அந்தக் கையை எந்த டெஸ்க்கும் வெட்டிச் சுருக்க முடியவில்லை. நம் இதழ்கள் அந்தக் கை நீட்டுகிற திசையில் நிற்க வேண்டும். அடுத்த இதழுக்கு உங்கள் ஊரிலிருந்து, தேதி போட்டு, எழுதி அனுப்புங்கள்.